ஒரு நாள், நான்கு சிறு மலைகள்: எடின்பரோவிலிருந்து எதற்குப் போவது?

எடின்பரோவில் குடியிருப்பவர்களும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ சில மாதங்கள் அங்கே தங்க வருபவர்களும் கோடை தொடங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாள் முழுக்க மலையில் நடக்க வேண்டும். சொந்தக் கார் கிடையாது. பென் நெவிஸ் போன்ற பெரிய மலைகளுக்கு வேண்டிய பயிற்சியும் இல்லை, விடுப்பும் இல்லை. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்படும் மலைகள் நகரைச் சுற்றிப் பல இருந்தாலும், கடைசியில் பெரும்பாலானவர்கள் நான்கு பெயர்களுக்கு நடுவே தயங்கி நிற்கிறார்கள்: தெற்கே பென்ட்லண்ட், வடமேற்கே ஓக்கில், ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பால் ஃபைஃப் மாவட்டத்து லோமண்ட், தென்கிழக்கே ஈல்டன். நகருக்குள்ளேயே இருக்கும் ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர்தான். அது ஒரு மாலை நேரத்துக்குப் போதுமே தவிர ஒரு நாளுக்குக் காணாது என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை. லோமண்ட் ஏரிக்கரையில் நிற்கும் பென் லோமண்டும் வேறு. அது 974 மீட்டர், இந்தக் கட்டுரையின் வரம்புக்கு மேற்பட்டது.

ஸ்காட்லாந்து மலையேறிகளுக்குப் பட்டியல் பித்து உண்டு. 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை 1891இல் சர் ஹியூ மன்ரோ பட்டியலிட்டதிலிருந்து அவற்றுக்கு மன்ரோ என்றே பெயர். இன்றைய கணக்கில் அவை 282. அதற்குக் கீழே 2,500 அடி வரை கார்பெட், அதற்கும் கீழே சுமார் 2,000 அடி வரை கிரேயம். நாம் பேசப்போகும் நான்கில் ஓக்கில் தொடரின் பென் க்ளூக் மட்டுமே கிரேயம் பட்டியலில் இடம் பிடிக்கிறது. மற்றவை இந்த மூன்றில் எதற்குள்ளும் வருவதில்லை. அதனாலேயே அவற்றைக் குழந்தைகளுக்கான மலைகள் என்று ஒதுக்குபவர்களும் உண்டு, முன்யோசனை ஏதுமின்றிக் கிளம்பிப்போய் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. 56 பாகை வட அட்சத்தில், கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இல்லாத மேட்டில், 500 மீட்டர் என்பது விளையாட்டான உயரம் அன்று.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல் மொத்த ஏற்றம். உச்சியின் உயரத்தை மட்டும் பார்த்து மலையைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஐந்து முகடுகளில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு இறக்கமும் மறுபடி ஏற வேண்டிய கடனாகச் சேர்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் உதவுகிறது: கிடைமட்டமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஓய்வு, சாப்பாடு, படம் பிடிப்பது, காலணிக் கயிறு கட்டுவது எதுவும் அதில் அடங்காது. புதியவர்கள் வரும் விடையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பாதியில் விட்டு இறங்க வழி இருக்கிறதா என்பது. என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான அளவுகோல் இதுதான். பெரிய மலைக்குப் போகிறவர்கள் ஆயத்தமாகப் போகிறார்கள். சின்ன மலைக்குப் போகிறவர்கள் அப்படியே போகிறார்கள். எனவே வானிலை புரண்டாலோ, கூட வந்தவரின் முழங்கால் மக்கர் செய்தாலோ, அரை மணி நேரத்தில் காற்றுக்கு ஒதுங்கிய ஒரு பள்ளத்தாக்குக்கோ சாலைக்கோ போய்ச் சேர முடிகிற மலையும், ஏறிய பிறகு முழுச் சுற்றையும் முடித்தே தீர வேண்டிய மலையும், உயரத்தில் ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு மலைகள்.

மூன்றாவது, பொதுப் போக்குவரத்து. போவது ஒருபோதும் சிக்கலாக இருப்பதில்லை. திரும்பி வருவதில்தான் சிக்கல். நான்காவது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது: வெட்டிய பாதையா, சரளையா, ஹெதர் புதரா, கணுக்கால் வரை இழுக்கும் கரிச்சேறா. ஐந்தாவது, உச்சியிலிருந்து என்ன தெரியும் என்பது. வெயில் நாளில் எல்லா மலையும் அழகு என்பதாலும், ஸ்காட்லாந்தில் வெயில் நாளை நம்பித் திட்டம் போடக் கூடாது என்பதாலும் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

| | பென்ட்லண்ட் | ஓக்கில் | லோமண்ட் (ஃபைஃப்) | ஈல்டன் |
|---|---|---|---|---|
| மிக உயர்ந்த இடம் | ஸ்கால்ட் லா, 579 மீ | பென் க்ளூக், 721 மீ | வெஸ்ட் லோமண்ட், 522 மீ | மிட் ஹில், 422 மீ |
| தூரம் (சுமார்) | 16 கி.மீ | 11 கி.மீ | 15 கி.மீ | 8 கி.மீ |
| மொத்த ஏற்றம் (சுமார்) | 800 மீ | 750 மீ | 650 மீ | 450 மீ |
| நெய்ஸ்மித் கணக்கு | நாலரை மணி | மூன்றரை மணி | நான்கு மணி | இரண்டரை மணி |
| ஓய்வோடு | 6 மணி | 5 மணி | 5 முதல் 6 மணி | மூன்றரை மணி |
| பாதியில் இறங்க வழி | பல | அநேகமாக இல்லை | நடுவே ஒரு சாலை | எங்கிருந்தும் |
| எடின்பரோவிலிருந்து | ஒரே பேருந்து | ரயிலும் பேருந்தும் | ரயிலும் பேருந்தும் | ரயிலும் சிறு நடையும் |

தூரமும் ஏற்றமும் கீழே சொல்லும் வழிகளுக்கு உரியவை. வழி மாறினால் எண்களும் மாறும். உயரத்தில் முதலாவதான ஓக்கிலைவிட உயரத்தில் இரண்டாவதான பென்ட்லண்ட் அதிக ஏற்றமும் அதிக நேரமும் கேட்பதை அட்டவணையிலேயே காணலாம்.

## பென்ட்லண்ட்: ஐந்து முகடுகளின் வரிசை

நகரிலிருந்து தெற்கே போகும் ஏ702 சாலையில், ஃப்ளாட்டர்ஸ்டோன் என்ற விடுதியருகே பேருந்தை விட்டு இறங்கினால், சிறிது தூரத்திலேயே ஓடைப் பாலத்தைக் கடந்து ஏற்றம் தொடங்கிவிடுகிறது. முதலில் டர்ன்ஹவுஸ் ஹில் (506 மீ), அடுத்து கார்னெத்தி (573 மீ), பிறகு ஸ்கால்ட் லா (579 மீ), கடைசியாக ஈஸ்ட் கிப் (534 மீ), வெஸ்ட் கிப் (551 மீ) என ஐந்தும் ஒரே கோட்டில் தென்மேற்காக நிற்கின்றன. டர்ன்ஹவுஸின் சரிவில்தான் 1666 நவம்பர் 28 அன்று ருலியன் கிரீன் சண்டை நடந்தது: மன்னரின் திருச்சபைக் கொள்கையை எதிர்த்துக் கிளம்பிய உடன்படிக்கையாளர் படை, எடின்பரோவை நெருங்கியும் ஆதரவு கிடைக்காமல் திரும்பும் வழியில், டாம் டால்யெல் தலைமையிலான அரச படையிடம் இங்கே தோற்றது.

இந்த வரிசையின் தனிச்சிறப்பு அதன் நடுவில் இருக்கிறது. கார்னெத்திக்கும் ஸ்கால்ட் லாவுக்கும் இடைப்பட்ட தாழ்வான கணவாயின் குறுக்கே கர்க் ரோடு என்ற பழைய பாதை போகிறது. வடபுறத்து மக்கள் ஞாயிறுதோறும் மலையைத் தாண்டிப் பெனிக்குவிக் தேவாலயத்துக்கு நடந்த பாதை என்பதால் அந்தப் பெயர். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பாதையைத் தேர்ந்தெடுத்த அறிவு இன்றைய நடையாளர்களுக்குப் பயன்படுகிறது: மலைமுதுகின் மிக எளிய கடவு அதுவே. அங்கிருந்து வடக்கே இறங்கினால் சிறிது நேரத்தில் லோகன்லீ நீர்த்தேக்கம். அதையும் அடுத்துள்ள க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கத்தையும் ஒட்டிச் செல்லும் தார் சாலை நேரே ஃப்ளாட்டர்ஸ்டோனில் கொண்டுபோய் விடும். தெற்கே இறங்கினால் ஏ702. ஆக, இரண்டு உச்சிகளை முடித்த நிலையில், மீதியைத் தொடர்வதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்க இயற்கையே ஓர் இடம் வைத்திருக்கிறது.

காலுக்குக் கீழே பெரும்பாலும் தேய்ந்த தெளிவான பாதைதான். கார்னெத்தியிலிருந்து கணவாய்க்கு இறங்கும் சரிவு மட்டும் கல்லும் சரளையுமாக வழுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கியதைவிட இங்கே தொடை நடுங்கும். கடைசி முகடான வெஸ்ட் கிப் ஒரு வேடிக்கை. அத்தனை சிறிய மேடு, ஆனால் இருபுறமும் சட்டென்று சரிந்து கூம்பாக நிற்பதால், பக்கத்தில் வரும்வரை பெரிய மலையின் கொடுமுடியைப் போலப் பயமுறுத்தும். உச்சியில் நாலைந்து பேர் நின்றாலே நெருக்கம். அங்கே காற்று அடிக்கும் நாளில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கடந்துவிடுவது வழக்கம்.

இதன் மறைமுகச் செலவுகள் இரண்டு. முதலாவது திரும்பும் நடை. வெஸ்ட் கிப்பில் நிற்கும்போது நாள் முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் பள்ளத்தாக்கின் வழியே ஃப்ளாட்டர்ஸ்டோனுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், அதில் பாதிக்கு மேல் தார் சாலை. மலைக் காலணியோடு தாரில் நடப்பதைப் போல் அலுப்பூட்டுவது வேறில்லை. அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் வெஸ்ட் கிப்பிலிருந்து நேரே நைன் மைல் பர்ன் என்ற சிற்றூருக்கு இறங்கி ஏ702இல் பேருந்து ஏறலாம். நடை பத்து கிலோமீட்டர் சொச்சமாகக் குறைந்துவிடும். ஆனால் இரண்டாவது செலவு அங்கேதான் காத்திருக்கிறது: அந்தச் சாலையில் பேருந்துகள் அடிக்கடி வருவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால், வண்டிகள் பறக்கும் சாலையோரத்தில், வியர்வை குளிரும் உடம்போடு நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

மூடுபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்னெத்தியின் உச்சியில் வெண்கலக் காலத்துப் பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதன் கற்களைக் கலைத்து அடுக்கிக் காற்றுக்கு மறைவான குழிகளை உண்டாக்கியிருக்கிறார்கள். ஓர் அக்டோபர் மாதம் பனி மூடியிருந்தபோது, காற்று படாத பக்கம் தேடி அந்தக் குவியலைச் சுற்றிவந்து உட்கார்ந்து சப்பாத்திச் சுருளைத் தின்றுவிட்டு எழுந்தேன். வந்த திசைக்கு நேரெதிரே நடப்பதாகத்தான் நினைத்தேன். சுற்றி வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து லாரிச் சத்தம் கேட்டபோதுதான், கணவாயை நோக்கி அல்லாமல் பெருஞ்சாலையை நோக்கி இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பென்ட்லண்டில் இப்படித் தவறினால் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான். இதே தவறை அடுத்துச் சொல்லப்போகும் மலையில் செய்திருந்தால் கதை வேறு.

முதன்முறை மலைநடைக்குப் போகிறவர்களுக்கும், தனியாகப் போகிறவர்களுக்கும், வானிலை இரண்டுங்கெட்டானாக இருக்கும் நாளுக்கும் பென்ட்லண்டே என் முதல் தேர்வு. ஐந்து உச்சியையும் முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களுக்கு அது கடைசித் தேர்வாக இருக்கட்டும்.

## ஓக்கில்: ஏறினால் முடிக்க வேண்டிய மலை

ஸ்டெர்லிங் வரை ரயிலில் போய், அங்கிருந்து மலையடிவார ஊர்களுக்குச் செல்லும் பேருந்தில் டிலிகூட்ரியில் இறங்க வேண்டும். ஊரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் கண்டபடி வாசித்துக் கேட்டால் ஓட்டுநர் ஒரு கணம் விழிப்பார். உள்ளூரில் எழுத்தில் இருப்பதை அப்படியே ஒலிக்காமல் கொஞ்சம் விழுங்கிவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

சமவெளியிலிருந்து ஓக்கிலைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் படுவது, அடிவாரம் என்று ஒன்று இல்லாததே. நிலப்பிளவு ஒன்றின் கோட்டில் தென்முகம் முழுக்கச் சுவர் போல எழுவதால், ஊரின் கடைசி வீட்டுத் தோட்டம் முடியும் இடத்தில் மலை தொடங்கிவிடுகிறது. அந்தச் சுவரை அறுத்துக்கொண்டு வரும் ஓடையின் நீர்விசையில்தான் ஒரு காலத்தில் இவ்வூரின் கம்பளி ஆலைகள் ஓடின. மில் க்ளென் எனப்படும் அந்த இடுக்கின் வழியே, பாலங்களையும் படிகளையும் கடந்து அருவிகளை ஒட்டி ஏறும் தொடக்கம் மிக இனிமையானது. பாறைச் சரிவு, பாலப் பழுது ஆகியவற்றால் இந்த இடுக்குப் பாதையைச் சில சமயம் மூடிவிடுவதுண்டு. அப்போது பக்கவாட்டுச் சரிவில் உள்ள மேற்பாதையில் போக வேண்டும்.

இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் இனிமை முடிகிறது. அங்கிருந்து த லா என்ற முன்மேட்டின் (638 மீ) மூக்கு, அதாவது மூக்கு போல நீண்டு நிற்கும் அதன் சரிவு, நேரே மேலே போகிறது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தை வளைவு, சமதளம் எதுவுமின்றி ஒரே மூச்சில் ஏற வேண்டும். பாதை அவ்வளவு செங்குத்து என்பதால் குதிகால் தரையில் படாது; முன்பாதத்தில் எடையைத் தாங்கி, முன்னே போகிறவரின் காலணி அடிப்பாகத்தைப் பார்த்தபடியே ஏறுவோம். கெண்டைக்கால் இறுகும்போது பக்கவாட்டில் திரும்பி நிற்பதே ஓய்வு. த லாவின் உச்சியை எட்டியபின் வேலிக் கம்பியை ஒட்டி மெதுவாக ஏறிப் பென் க்ளூக்கை (721 மீ) அடைவது எளிது. அங்கே நில அளவைத் தூணைச் சுற்றிக் கல்லால் கட்டிய மறைப்பும், எந்தத் திசையில் எந்த மலை என்று காட்டும் பலகையும் இருக்கின்றன. நான்கு மலைகளிலும் மிக விரிந்த காட்சி இங்கேதான்: வடக்கிலும் மேற்கிலும் ஹைலண்ட்ஸ் மலைகள் வரிசையாக நிற்க, தெற்கே ஃபோர்த் ஆறு சமவெளியில் பாம்பாக வளைந்து கடலைத் தேடும். வடபுறத்தில் காற்றாலைகளும் நிற்கின்றன. சிலருக்கு அவை உறுத்தும், எனக்குப் பழகிவிட்டது.

திரும்பும்போது வந்த மூக்கின் வழியே இறங்குவதைவிட, கிழக்கே ஆண்ட்ரூ கேனல் ஹில் (670 மீ) வரை போய், கேனல் ஓடையை ஒட்டிய பாதையில் இறங்குவதே முழங்காலுக்கு நல்லது. இந்த மலையின் உண்மையான அபாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்முகத்தை அறுக்கும் ஓடைகள் எல்லாம் மேலே புல்வெளிப் பள்ளமாகத் தொடங்கிக் கீழே செங்குத்தான இடுக்குகளாகவும் அருவிகளாகவும் முடிகின்றன. ஓடையைத் தொடர்ந்தால் ஊர் வரும் என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது. மேலிருந்து பார்க்கும்போது டிலிகூட்ரியின் கூரைகள் கையெட்டும் தூரத்தில் தெரிவதால் அந்த ஆசை இன்னும் கூடும். பனி மூடினால் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்புவது ஒன்றுதான் வழி, அதுவோ ஈரத்தில் வழுக்கும் மூக்கு. பென்ட்லண்டின் கர்க் ரோடு போன்ற ஓர் இடைவாசல் இங்கே கிடையாது.

ஆகையால், வாரம் இருமுறையாவது ஓடுகிற அல்லது மாடிப்படி ஏறுகிற பழக்கம் உள்ளவர்களுக்கும், பின்னர் மன்ரோ ஏற நினைத்து இப்போதே தங்கள் கால்களைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஓக்கில் மற்ற மூன்றையும்விடச் சிறந்தது. தூரம் குறைவு என்பதால் வீட்டுக்கும் சீக்கிரம் திரும்பலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அந்த மூக்கில் உறைபனி படிந்திருக்கும்போது, காலணியில் மாட்டும் இரும்பு முட்களும் அவற்றைப் பயன்படுத்திய பழக்கமும் இல்லாதவர்கள் அதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

## லோமண்ட்: எல்லாரும் ஒரே வேகத்தில் நடக்காதபோது

குழுவாகப் போகிறவர்களின் சிக்கல் தனி. பத்து வயதுக் குழந்தை, அறுபதைத் தாண்டிய மாமா, நடக்கவே பிடிக்காத நண்பர் ஒருவர் என்று கலவையாகக் கிளம்பும்போது, மலையின் கடினத்தைவிட அதன் நெகிழ்ச்சியே முக்கியம். அந்த வகையில் ஃபாக்லண்ட் ஊரிலிருந்து தொடங்கும் லோமண்ட் மலைகளுக்கு ஈடு இல்லை.

கிழக்கு, மேற்கு என்று இரண்டு உச்சிகள். இரண்டும் பழைய எரிமலைக் குழாய்களில் இறுகிய பாறை, சுற்றிலும் உள்ளது தேய்ந்துபோன பின்னும் நிற்கிறது. ஃபாக்லண்டிலிருந்து ஈஸ்ட் லோமண்டுக்குக் காட்டின் ஊடே ஏறும் பாதை சுருக்கமானது, ஆனால் செங்குத்து. அதிலிருந்து இறங்கினால் இரண்டு மலைகளுக்கும் நடுவே க்ரெய்க்மீட் என்ற இடத்தில் ஒரு சாலையும் கார் நிறுத்தமும் குறுக்கிடுகின்றன. களைத்தவர்கள் அங்கேயே பிரிந்து ஊருக்கு இறங்கிவிடலாம். தெம்புள்ளவர்கள் அகன்ற மண்பாதையில் வெஸ்ட் லோமண்டுக்குத் தொடரலாம். கடைசிக் கூம்பைத் தவிர அதில் கடினம் ஒன்றுமில்லை. உச்சியிலிருந்து தென்மேற்கே லெவன் ஏரி முழுசாகத் தெரியும். அதன் தீவொன்றில் இருக்கும் கோட்டையில்தான் ஸ்காட்லாந்து அரசி மேரியை 1567இல் சிறை வைத்தார்கள், மறு ஆண்டு அங்கிருந்து தப்பினார். நடக்கப் பிடிக்காத நண்பர் அதற்குள் அதே மேரி வேட்டைக்கு வந்து தங்கிய ஃபாக்லண்ட் அரண்மனையையும், அங்கே 1539இல் கட்டிய டென்னிஸ் கூடத்தையும் பார்த்து முடித்திருப்பார்.

குறை, போக்குவரத்து. ரயிலில் மார்கின்ச் போன்ற ஒரு நிலையம் வரை போய்ப் பேருந்து மாற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து ஓடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமையில் நிலைமை இன்னும் மோசம். நால்வர் சேர்ந்தால் ஒரு நாளுக்குக் கார் வாடகைக்கு எடுப்பதே சில சமயம் மலிவாக முடியும். தனியாகப் போகிறவருக்கு இந்த மலை அந்த அலைச்சலுக்கு ஏற்ற பலனைத் தருவதாக எனக்குத் தோன்றவில்லை.

## ஈல்டன்: குளிர்காலத்துக்கு ஒன்று

ஈல்டனை வைத்து ஒரு முழு நாளை நிரப்ப முடியாது. அதுவே அதன் பலம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எடின்பரோவில் சூரியன் எட்டே முக்காலுக்கு எழுந்து மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். அந்த ஏழு மணி நேரத்துக்குள் நிதானமாக முடிக்கக்கூடியது நான்கில் இது ஒன்றே.

1969இல் மூடிய ரயில் பாதையின் ஒரு பகுதியை 2015இல் மறுபடி திறந்ததால், எடின்பரோவின் வேவர்லி நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ட்வீட்பேங்க். அங்கிருந்து மெல்ரோஸ் மூன்று கிலோமீட்டர் அளவு சமதள நடை. ஊரிலிருந்து ஏறினால் நார்த் ஹில் (404 மீ), மிட் ஹில் (422 மீ), வெஸ்டர் ஹில் (371 மீ) மூன்றையும் ஒரே சுற்றில் முடித்து இறங்கலாம். நார்த் ஹில்லின் உச்சியில் பழங்கோட்டையின் மண் அரண்களும், சுமார் முந்நூறு குடிசைத் தளங்களின் தடங்களும் இருக்கின்றன. ரோமானியர்கள் கீழே நியூஸ்டெட்டில் பாளையம் அமைத்தபோது இந்த மூன்று மேடுகளைப் பார்த்தே அதற்கு மும்மலை என்ற பொருளில் டிரைமாண்டியம் என்று பெயரிட்டார்கள். ஹெதருக்கு இடையே தெரியும் சரளை செந்நிறம். மழையில் நனைந்தால் நிறம் இன்னும் கூடும், வழுக்கலும் கூடும்.

திறந்த மலைகள் என்பதால் எந்த இடத்திலிருந்தும் ஊரைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடலாம். மீதி நேரத்துக்கு மெல்ரோஸ் மடாலயத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் ப்ரூஸின் இதயம் என்று கருதப்படும் ஒன்றை 1998இல் அங்கே மறுபடி அடக்கம் செய்தார்கள். ஜூன் மாதத்தில், பதினேழரை மணி நேரப் பகல் கையில் இருக்கும்போது இங்கே வருகிறவர்கள் மட்டும், மதியம் இரண்டு மணிக்கே என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

## எந்த மலைக்கும் பொதுவான செலவுகள்

காலணியும் மழையாடையும் ஒருமுறைச் செலவு. மழையாடையில் சிக்கனம் பிடிப்பவர்கள் கால்சராய்க்கும் ஒன்று வாங்க மறந்துவிடுகிறார்கள், நனைந்த தொடையில் காற்று படும்போதுதான் அது நினைவுக்கு வரும். கைபேசி வரைபடம் போதும் என்று நினைக்கிறவர்களுக்குக் குளிர் பாடம் கற்பிக்கும்: மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது. பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபட வரிசையில் பென்ட்லண்டுக்கு 344, ஓக்கிலின் இந்தப் பகுதிக்கு 366, லோமண்டுக்கு 370, ஈல்டனுக்கு 338 என்ற எண்ணுள்ள தாள்களை வாங்கி, திசைகாட்டியோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்கும் உரிமைக்குக் காசு இல்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் யாரும் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான தனியார் நிலத்திலும் நடக்கலாம். அந்தப் பொறுப்பில் திறந்த வாயிலைத் திறந்தபடியும் மூடிய வாயிலை மூடியபடியும் விடுவதும், ஏப்ரல், மே மாதங்களில் ஆட்டுக்குட்டிகளின் நடுவே நாயை அவிழ்த்துவிடாமலிருப்பதும் அடங்கும். ஹெதருக்குள்ளிருந்து காட்டுக்கோழி இனமான கிரவுஸ் திடீரென்று படபடவென எழுந்து, ஆங்கிலேயர் காதுக்குத் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று கேட்பதாகச் சொல்லும் குரலில் கத்தும். அதற்கு மட்டும் கீழ்ப்படிய வேண்டியதில்லை. வீடு வந்ததும் முழங்காலின் பின்புறத்தையும் இடுப்பையும் உண்ணிக்காகச் சோதிப்பது அவசியம், லைம் நோயைப் பரப்புவது அதுவே. விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், பிறகு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை.

## முந்தின இரவில்

நான்கில் ஒன்றை மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவு செய்வதைவிட, இரண்டைத் தயாராக வைத்துக்கொண்டு, முந்தின இரவு மலை வானிலை அறிக்கையைப் பார்த்து ஒன்றைக் கைவிடுவதே என் வழக்கம். பார்க்க வேண்டியது மழையை அன்று, உச்சியில் காற்றின் வேகத்தை. அது மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் ஓக்கிலும் வெஸ்ட் கிப்பும் கணக்கிலிருந்து போய்விட்டன. ஈல்டன் அல்லது கர்க் ரோடு வரைக்குமான அரைப் பென்ட்லண்ட். காற்று குறைவு, மேகம் மட்டும் 600 மீட்டர் வரை இறங்கும் என்றால் பென் க்ளூக்கில் காட்சியும் இல்லை, வழியும் தெரியாது. லோமண்டோ பென்ட்லண்டோ தலைக்கு மேலே கூரை போட்டாற்போல நன்றாகவே இருக்கும். காற்றுமில்லை, மேகமுமில்லை என்று அறிக்கை சொல்லும் அபூர்வமான இரவில், காலை ஸ்டெர்லிங் ரயிலுக்கு அலாரம் வைத்துவிட்டு, கெண்டைக்காலை நீவிக்கொண்டு படுத்துவிடலாம்.